புல்லு பயிரில்லீங்களா?

போன சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. வெள்ளகோவில் பக்கத்தில் தேரை ஒட்டிக் கூடுகிற அந்தச் சந்தையில் ஒரு நாளாவது சுற்றவில்லை என்றால், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வருஷம் பிறந்த மாதிரியே இருக்காது.

கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கிற தம்பி ஒருவர் சோடியாக இரண்டு மயிலைக் கிடாரிகள் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்தவராம். "அப்பவே முடிவு பண்ணுனங்க, வளர்த்தா நாட்டு மாடுதான்னு" என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. தீவனத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன்.

"எங்கப்பாரு காலத்துக் கொறங்காடு நாலு ஏக்கரா சும்மா கெடந்துச்சுங்க. வெறும் புல்லும் வேலாமரமுமா இருந்துச்சு. ரோட்டவேட்டர் விட்டு சுத்தம் பண்ணிட்டேன். போர் போட்டு கோ-5 நடப்போறேன். கரணை எங்கீங்கய்யா கிடைக்கும்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்: "தம்பி, அந்த மாட்டோட சோத்தைத்தான் நீங்க உழுதுட்டீங்க."

அவரைக் குறை சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்தத் தப்பை நானும் செய்தவன். அதற்கு முன்னால், அதைவிடப் பெரிய தப்பை முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவன். நாட்டு மாடு வேண்டும், நாட்டு நெல் வேண்டும், நாட்டுக் காய்கறி விதை வேண்டும் என்று நாமெல்லாம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் நாட்டுப் புல் என்று ஒன்று இருப்பதையே நம்மில் பாதிப் பேர் மறந்துவிட்டோம். கொழுக்கட்டைப் புல்லும் ஒரு பயிர், கொறங்காடும் ஒரு பண்ணை. இதை நாமே ஒத்துக்கொள்ளாத வரைக்கும் அரசாங்கமும் பேங்கும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தரிசு என்று எழுதிய கை

நான் ஒரு பேங்கில் கிராமக் கிளைகளில் விவசாயக் கடன் பார்த்தவன். நிலத்தைப் போய்ப் பார்ப்பது, அடங்கலைப் பார்ப்பது, என்ன பயிர், எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதுதான் வேலை. நம் நாட்டில் நிலப் பயன்பாட்டை ஒன்பது வகையாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறார்கள். அதில் ஐந்து வருஷத்துக்கு மேல் சாகுபடி செய்யாத நிலம் 'சாகுபடி செய்யத்தக்க தரிசு' என்ற தலைப்பின் கீழ் போய்விடும். நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது, அதை எது தின்கிறது என்று அந்தத் தலைப்பு கேட்பதில்லை. ஏர் ஓட்டினாயா, விதைத்தாயா, அவ்வளவுதான்.

1990-களின் நடுவில் ஒரு பெரியவர் வந்தார். எட்டு ஏக்கர் கொறங்காடு, சொந்தப் பட்டா. முப்பது மேச்சேரி ஆடு வாங்கக் கடன் கேட்டார். நான் வண்டியில் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே முழங்கால் உயரம் புல். திரும்பி வந்து அறிக்கையில் 'நிலம் தரிசு, பயிர் ஏதும் இல்லை, தீவன ஆதாரம் இல்லை' என்று எழுதினேன். தீவனத்துக்கு நடுவில் நின்று பார்த்துவிட்டு வந்துதான் அப்படி எழுதினேன்!

கடன் இல்லை என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க சாமி, புல்லு பயிரில்லீங்களா?"

பாரத்தில் அதற்கு இடமில்லைங்க என்று பதில் சொன்னேன். உண்மையும் அதுதான், இடமில்லை. ஆனால் இடம் வேண்டும் என்று மேலே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. இது என் கணக்கில் இன்னும் தீராத கடன்.

கொறங்காடு என்றால் என்ன

தஞ்சைப் பக்கத்து, நெல்லைப் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் மானாவாரி மேட்டுப் பகுதிகளில், தனியார் பட்டா நிலத்திலேயே மேய்ச்சலுக்கென்று விட்டு வைத்திருக்கும் காடுதான் கொறங்காடு. மூன்று அடுக்கு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. மேலே ஆங்காங்கே வெள்வேல மரம். கீழே கொழுக்கட்டைப் புல். மழைக்காலத்தில் புல் மேய்ச்சல். கோடையில் புல் காய்ந்து நிற்கும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். ஆடு தின்ற காயின் கொட்டை புழுக்கையோடு விழுந்து அதுவே முளைக்கும். ஆள் வைத்து மரம் நட்டதில்லை.

உள்ளே நாலைந்து துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேய்த்து மற்றதை ஆற விடுவார்கள். மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா நல்ல மழை பார்த்து நாட்டுக் கலப்பையால் மேலாக ஓட்டி, சோளமோ கொள்ளோ போட்டு எடுப்பார்கள். அடுத்த மழைக்குப் புல் மறுபடி கிளம்பிவிடும். காங்கேயம் மாடு இந்தக் காட்டில்தான் உருவானது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பேர் வாங்கியதெல்லாம் வரலாறு. அந்தப் பேருக்குப் பின்னால் இந்தப் புல் இருந்தது.

கொழுக்கட்டைப் புல்லின் தாவரப் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். ராஜஸ்தானத்தில் இதற்கு அஞ்சன் என்றும் தாமன் என்றும் பெயர். தூர் கட்டி வளர்கிற, பல வருஷம் நிற்கிற புல். கதிர் இறகு மாதிரி மெத்தென்று, மயிர் சூழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதிர் விட்டு நிற்கும்போது சாயங்கால வெயிலில் காடே ஊதா கலந்த வெள்ளையாக அசையும். இதன் உறவுக்காரன் ஒன்று நீலக் கொழுக்கட்டை. இலை சற்று நீலம் பாய்ந்திருக்கும். வேளாண் பல்கலைக்கழகம் கோ-1 என்று வெளியிட்ட கொழுக்கட்டை அந்த வகைதான்.

இதன் சூட்சுமம் எல்லாம் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. வேர் ஆள் உயரத்துக்கு இறங்கும். தண்டின் அடிப்பாகம் தடித்து, அதில் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாடு மேலே மேய்ந்தாலும், ஆறு மாசம் மழை இல்லாமல் போனாலும் அந்தத் தூர் சாகாது. ஒரு நல்ல மழை விழுந்தால் நாலைந்து நாளில் பச்சை தெரியும்.

நான் உழுத கதை

2015-ல், 57 வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்பா வைத்துவிட்டுப் போன ஏழு ஏக்கர் கொறங்காடு, எனக்கும் தம்பிக்கும் கூட்டுப் பட்டா. கையில் ஓய்வுப் பணம். இயற்கை விவசாயக் கூட்டங்களுக்குப் போய் வந்த உற்சாகம் வேறு. பழமரம் நடுவோம், சொட்டுநீர் போடுவோம், காய்கறி ஊடுபயிர் வைப்போம் என்று பெரிய திட்டம். முதல் காரியமாக டிராக்டர் விட்டு, ஐந்து ஏக்கரைப் புழுதியாக்கினேன். புல்லைத் தூரோடு பொறுக்கித் தீ வைத்தேன். 850 அடியில் ஒரு போர், தண்ணீர் ஒன்றரை இஞ்சு. மூணு மாசத்தில் அது அரை இஞ்சு.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். இரண்டாவது போர் போட்டேன், புகைதான் வந்தது. நட்ட கன்றில் முக்கால்வாசி காய்ந்தது. உழுத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போய் ரோட்டில் கொட்டியது. இரண்டு மாடு வாங்கி வைத்திருந்தேன். அதுகளுக்கு வைக்கோல் வாங்கியே கையில் இருந்த காசு கரைந்தது.

எங்கள் காட்டுக்கு மேற்கே அத்தை முறை ஆகிற ஒரு அம்மாவின் கொறங்காடு. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. போர் இல்லை, மோட்டார் இல்லை. அதே வருஷம் அவருடைய ஆடுகள் காய்ந்த கொழுக்கட்டைத் தூரையும் வேலங்காயையும் தின்று தாக்குப் பிடித்தன. 2017-ல் மழை திரும்பியபோது அவர் காடு ஒரு வாரத்தில் பச்சை. என் காட்டில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் முளைத்தன.

வெட்கத்தை விட்டு அவரிடம் போய் விதை கேட்டேன். சாக்கில் அமுக்கி வைத்திருந்த விதையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "படிச்சவன் பண்ற வேலையாடா இது? உழுதா அழியற புல்லும் இருக்குதுன்னு உங்கப்பன் சொல்லலியா?" என்றார். சொல்லியிருப்பார். நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

வளர்ப்பது எப்படி

எட்டு வருஷமாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். அத்தை சொன்னதும், பல்கலைக்கழகப் பரிந்துரையும், என் அனுபவமும் கலந்தது இது.

மண்: தண்ணீர் வடிகிற செம்மண், சரளை மண், சுக்காங்கல் கலந்த சுண்ணாம்புச் சத்துள்ள மண் ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் தேங்குகிற களிமண்ணில் வேண்டாம், தூர் அழுகிவிடும்.

விதை எடுப்பது: கதிர் வைக்கோல் நிறத்துக்கு மாறி, கையால் அடியில் இருந்து மேலே உருவினால் எளிதாகக் கழன்று வர வேண்டும். அதுதான் பக்குவம். ஒரு நாள் தாமதித்தால் காற்று எடுத்துக்கொள்ளும். கொழுக்கட்டையின் விதை பெரும்பாலும் தாய்ப்புல்லின் அச்சாகவே முளைக்கும். அதனால் எந்தத் தூரில் உருவுகிறோம் என்பது முக்கியம். இலை அகலமாக, தூர் பெருசாக, கோடையில் கடைசி வரை பச்சையாக நிற்கிற தூரை ஐப்பசியிலேயே பார்த்து ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள். விதைத் தேர்வு நெல்லுக்கு மட்டும் இல்லை.

விதை உறக்கம்: இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். புது விதை முளைக்காது. ஆறு முதல் எட்டு மாசம் வரை அதற்கு உறக்கம் உண்டு. கார்த்திகையில் உருவியதை நிழலில் காய வைத்து, காற்றாடும் சாக்கில் கட்டி வைத்து, அடுத்த ஆடி, ஆவணியில் விதையுங்கள். யாராவது 'இப்பத்தான் எடுத்தது' என்று விதை கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விதைத்துவிடாதீர்கள்.

அளவு: சுத்தமான விதை என்றால் ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு இரண்டரை, மூணு கிலோ. நம் கையால் உருவியதில் பதர் கலந்திருக்கும், அதனால் நான் நாலு கிலோ போடுகிறேன். வரிசையில் நட விரும்பினால் 50-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி. பழைய தூரைப் பிரித்து வேரோடு மழைநாளில் நட்டாலும் வரும். சின்ன இடத்துக்கு அது சுலபம்.

விதைப்பு: விதை பஞ்சு மாதிரி. அப்படியே வீசினால் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழும். ஈர மணலும் சலித்த தொழு உரமும் கலந்து பிசிறி வீசுங்கள். நான் செம்மண்ணும் சாணியும் சேர்த்துச் சின்ன உருண்டையாக்கி நிழலில் உலர்த்தியும் போட்டுப் பார்த்தேன். எறும்பு தூக்கிக்கொண்டு போவது அதில் குறைகிறது. நிலத்தை ஆழமாக உழ வேண்டாம். மேலாகக் கீறி விட்டால் போதும். வீசிய பிறகு ஒரு முள் கிளையைக் கட்டி இழுங்கள், மேலே லேசாக மண் மூடினால் சரி. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளை வெளியே வராது.

முதல் வருஷம்: பொறுமைதான் உரம். பல்கலைக்கழகப் பரிந்துரையில் விதைத்து 70, 75-ஆவது நாள் முதல் அறுவடை செய்யலாம் என்று இருக்கிறது. அது கவனித்து வளர்க்கிற நிலத்துக்கு. நம் மேட்டு மானாவாரியில் முதல் வருஷம் மாட்டை உள்ளே விடாதீர்கள். கதிர் விட்டு, விதை உதிரட்டும். உதிர்ந்த விதை அடுத்த வருஷம் இடைவெளியை நிரப்பும். அவசரம் என்றால் கையால் அறுத்துப் போடுங்கள்.

மேய்ச்சல்: அடியில் நாலு விரக்கடை, அரைச் சாண் விட்டுத்தான் மேய வேண்டும். அதற்குக் கீழே போனால் சேமிப்பில் கை வைத்த மாதிரி. பேங்குக்காரன் பாஷையில் சொன்னால், வட்டியை எடுங்கள், முதலை எடுக்காதீர்கள். காட்டை நாலு துண்டாக்கி மாற்றி மாற்றி விடுங்கள். கதிர் முற்றிவிட்டால் தண்டு கட்டையாகி மாடு ஒதுக்கும், அதனால் பூக்கும் தருணத்தில் மேய்ப்பது நல்லது. ஒரு துண்டை மட்டும் விதைக்கென்று சுழற்சியில் விட்டு வையுங்கள்.

துணைப்பயிர்: புல் மட்டும் போதாது, பயறு இனமும் வேண்டும். நரிப்பயறு, கொள்ளு இரண்டும் இடையில் போட்டால் மண்ணுக்கும் மாட்டுக்கும் சத்து. மூணு வரிசை கொழுக்கட்டைக்கு ஒரு வரிசை முயல் மசால் என்று பரிந்துரை உண்டு, அது வெளிநாட்டுச் செடி என்றாலும் வம்பு பண்ணுகிற சாதி அல்ல. வேலிக்கு முள்கிளுவைப் போத்து மழைக்கு முன்பே நட்டுவிடுங்கள். உரத்துக்கு நான் எதுவும் வாங்குவதில்லை. கோடையில் ஆட்டுப்பட்டி போட்டு ராத்திரிக்கு ராத்திரி இடம் மாற்றுகிறேன், அவ்வளவுதான்.

என் ஐந்து ஏக்கரும் மறுபடி கொறங்காடாக முகம் காட்ட நாலு வருஷம் ஆயிற்று. உழுததற்கு அரை நாள் போதுமாக இருந்தது.

கணக்கை நேர்மையாகப் பார்ப்போம்

கோ-4, கோ-5 கம்பு நேப்பியரோடு ஒப்பிட்டால் கொழுக்கட்டை தோற்றுப்போகும். நேப்பியர் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 350 டன்னுக்கு மேல் வரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. கொழுக்கட்டை நாலைந்து அறுப்பில் 40 டன். எங்கள் சரளை மேட்டில் அதில் பாதி வந்தாலே பெரிது. இதை மறைத்துப் பேசினால் நாளைக்கு என்னை நம்பி வந்தவர்கள் திட்டுவார்கள்.

ஆனால் பேங்கில் ஒரு பாடம் உண்டு. வரவை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்கக் கூடாது. நேப்பியரின் அந்த 350 டன்னுக்குப் பின்னால் வருஷம் பூராவும் பாசனம், உரம், அறுக்க ஆள் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் இருக்கிறவர்கள் தாராளமாக நடட்டும். ஆயிரம் அடி போட்டும் புகை வருகிற ஊரில் அது புல் அல்ல, வட்டிக்கு வாங்கின தண்ணீர். கொழுக்கட்டைக்கு நான் வருஷத்துக்குச் செலவு செய்வது வேலி பார்க்கிற கூலி மட்டும்தான். இன்றைக்கு இரண்டு காங்கேயம் பசு, கன்றுகள், பன்னிரண்டு ஆடுகள் அந்தக் காட்டை நம்பி நிற்கின்றன. மழை பெய்கிற மாசங்களில் வெளித்தீவனம் வாங்குவதே இல்லை. நல்ல கோடையில் இரண்டு மாசம் சோளத்தட்டு வாங்குகிறேன்.

பஞ்சகவ்யம் பற்றி நம் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். சாணம், மூத்திரம், பால், தயிர், நெய், ஐந்தும் எங்கிருந்து வருகிறது? மாட்டிலிருந்து. மாடு எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்விக்கு மட்டும் நாம் கடையில் வாங்கின மூட்டையைக் காட்டுகிறோம்.

நாட்டுப் புல் என்பதன் அர்த்தம்

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையும் வேண்டும். கொழுக்கட்டை எங்கே போனாலும் நல்லது என்று நான் சொல்லவில்லை. இதே புல்லை மேய்ச்சலுக்கென்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் அது வெறி பிடித்துப் பரவி, கோடையில் காய்ந்து தீப்பிடிக்கிறது. தீயையே பார்த்துப் பழகாத அந்த ஊர்ச் சகுவாரோ கள்ளிகள் வெந்து சாகின்றன. தன்னார்வலர்கள் கடப்பாரை எடுத்துக்கொண்டு மலை ஏறிப் பிடுங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் இதே கதை. எங்கள் ஊரில் தெய்வம், அங்கே பேய்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலம் இங்கே வந்து நமக்குச் செய்ததை, நம் பக்கத்துப் புல் அங்கே போய் அவர்களுக்குச் செய்கிறது. இங்கே ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, எறும்பு இருக்கிறது, மாற்றி மாற்றி மேய்க்கிற ஆள் இருக்கிறார். எல்லாம் சேர்ந்து அந்தப் புல்லை அளவாக வைத்திருக்கின்றன. ஒரு செடி நாட்டுச் செடி என்றால் அதன் பெயர் மட்டும் அல்ல, அது கூடி வாழ்கிற ஊரும் சேர்ந்துதான். அதனால் காவிரிப் படுகை வயலிலோ நீலகிரிச் சோலைப் புல்வெளியிலோ கொண்டுபோய் இதை விதைக்காதீர்கள். உங்கள் ஊருக்கு உங்கள் புல் ஒன்று இருக்கும், கரை மேட்டில், கோயில் காட்டில் தேடிப் பாருங்கள். வயதான ஆடு மேய்ப்பவர் யாராவது பேர் சொல்லித் தருவார்.

இன்னொன்று, நம் தோழர்களிடம் கோபித்துக்கொள்ளாமல் கேட்கிறேன். வெறும் புல் நிற்கிற இடத்தைப் பார்த்ததும் மரம் நடத் தோன்றுகிறதே, ஏன்? எல்லா வெட்டவெளியும் காடாக வேண்டியதில்லை. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து வெள்வேலம் இருக்கிற இடத்தில் நானூறு கன்று நட்டால் புல் நிழலில் சாகும், மரம் தண்ணீர் இல்லாமல் சாகும். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது அழிவுதான்.

என்ன செய்ய வேண்டும்

எங்கள் ஊரில் இன்றைக்குக் கொறங்காட்டுக்கு இரண்டு வழியாக ஆபத்து. ஒன்று வீட்டுமனை. இன்னொன்று சூரிய மின் தகடு. 'தரிசு நிலம்தானே' என்ற ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் இரண்டும் உள்ளே வருகின்றன. சூரிய மின்சாரம் வேண்டாம் என்பவன் அல்ல நான். ஆனால் தரிசு எது என்று தீர்மானிக்கிற இடத்தில் மேய்ப்பவனுக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

இது எனக்கு ஏட்டுப் பேச்சு இல்லை. சென்னையில் இருக்கிற என் தம்பிக்கு ஒரு நிறுவனம் நீண்ட காலக் குத்தகைக்கு நல்ல விலை சொல்லியிருக்கிறது. "அண்ணா, சும்மா கெடக்கற எடத்துக்கு வருஷா வருஷம் பணம் வருதுன்னா விடறதா?" என்கிறான். அவன் மேல் தப்பில்லை. அது சும்மா கிடக்கிற இடம் என்று அரசாங்கத் தாளிலேயே எழுதியிருக்கிறது. அந்த மாதிரித் தாளை எழுதினவர்களில் ஒருவன் அவன் அண்ணன். தை பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதனால் மூன்று காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, பதிவு. அடங்கலில் பயிர் எழுதும்போது 'கொழுக்கட்டைப் புல், மேய்ச்சல்' என்று எழுதச் சொல்லி, கொறங்காடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் மேசையில் தூங்கும். ஊராகச் சேர்ந்து, சங்கத்தின் வழியாகக் கொடுங்கள்.

இரண்டாவது, கடன். 2019 முதல் கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. எந்தப் பயிருக்கு, எந்தக் கால்நடைக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு வருஷா வருஷம் நிர்ணயம் செய்கிறது. அந்தப் பட்டியலில் மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கும், கிளுவை வேலிக்கும் தனி வரி வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் அந்த வரியை நான் பார்த்ததில்லை. நம் அமைப்பு அந்தக் குழுவின் கூட்டத்துக்கு முன்பே இதை எழுதிக் கேட்க வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், அந்தப் பாஷை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, விதை. நம் விதைத் திருவிழாக்களில் நூற்றுக்கணக்கான நெல் வகையைப் பரப்பி வைக்கிறோம். அதே மேசையில் ஒரு ஓரத்தில் கொழுக்கட்டை விதைக்கும் நரிப்பயறு விதைக்கும் இடம் கொடுங்கள். எந்த ஊரில் உருவியது, எந்த மாசம் உருவியது என்று எழுதி வைத்தால் போதும். வருகிற கார்த்திகையில் என் காட்டில் விதை உருவுகிறோம். வருகிறவர்கள் ஒரு சாக்கும் ஒரு தொப்பியும் கொண்டு வாருங்கள். விதை இலவசம், ஒரே ஒரு நிபந்தனை, அடுத்த ஆடி வரைக்கும் விதைக்கக் கூடாது.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. உலகம் ஒரு வருஷம் பேசும், அப்புறம் மறந்துவிடும். நாம் அந்த ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு அடங்கலில் ஒரு சொல்லையாவது மாற்றினால் லாபம்.

கண்ணபுரத்தில் பார்த்த தம்பி ஆவணியில் வந்து அரைச் சாக்கு விதை வாங்கிப் போனார். இரண்டு ஏக்கரில் நேப்பியரும் இரண்டு ஏக்கரில் கொழுக்கட்டையும் போட்டுப் பார்க்கிறாராம். நல்லது, இரண்டையும் பார்க்கட்டும். என் தம்பியையும் கார்த்திகையில் விதை உருவ வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறான். முடிவு அவனுடையதும்தான், பட்டாவில் பாதி அவன் பெயர். காட்டில் நின்று பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் காடு இரண்டு வருஷத்துக்கு முன் மனையாகிவிட்டது, எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். அவருக்கு முப்பது வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறேன்: ஆமாங்க, புல்லும் பயிர்தானுங்க.